இடம் வலமாகும் தூரம்

சுங்கத்தில் கேட்டார்கள், பிள்ளைக்கு எத்தனை வயது என்று.
நாற்பத்தொன்று என்றேன்.
அதிகாரி சிரிக்கவில்லை.
'விளையாட்டுப் பொருள், மரம்' என்றெழுதி
முத்திரை குத்தினார்.

பெட்டிக்குள் விமானம் இல்லை.
லேசர் கரித்த விளிம்புகளோடு பல்சாத் தகடுகள்,
இருபத்திரண்டு விலா எலும்புகள்,
மடித்து மடித்து ஒரு வரைபடம்.
ஒரு தகட்டைக் கையில் எடுத்தேன்.
எடுத்தேனா என்று குனிந்து பார்த்தேன்.

ஆறு வாரம் சாப்பாட்டு மேசை எங்களுக்கில்லை.
வரைபடத்தின் மேல் சோற்றுப் பார்சல் சுற்றும் லஞ்ச் ஷீட்,
அதன்மேல் விலாக்கள், நூறு குண்டூசி.
நானும் வாகீசனும் தரையிலிருந்து இடியப்பம் தின்றோம்.
வெள்ளவத்தை ரயில் போகும்போதெல்லாம்
விலாக்கள் லேசாக நடுங்கின,
மூச்சு விடப் பழகுவதுபோல.

நான் செய்வது பல்.
கொட்டாஞ்சேனையிலும் தெஹிவளையிலும் என் கைவேலை
பிறர் வாய்க்குள் இருந்து
பாண் மெல்லுகிறது, பொய் சொல்லுகிறது.
அரை மில்லிமீட்டர் உயர்ந்தாலும்
கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஆள் திரும்பி வரும்.
ஆகவே இறக்கையின் முன்விளிம்பை
பல் தேய்க்கும் சக்கரத்தால்தான் தேய்த்தேன்.
சம்பலில் மரத்தூள்.
வாகீசன் ஒன்றும் சொல்லாமல் இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டான்.

பசை விரலில் ஒட்டியது, விரல் விலாவில் ஒட்டியது.
இழுத்தேன்.
கிழிந்தது மரமல்ல.

அவனுடைய ஒபிஸ் சட்டைகளின் அயன் பெட்டியால்
நீலப் படலத்தைச் சூடாக்கினோம்.
சுருக்கமெல்லாம் இறுகி
ஒரு கணத்தில் தோலானது.
மூக்கில் பாரம் போதவில்லை.
இரண்டு ஐந்து ரூபாய்க் குத்திகளை உள்ளே ஒட்டினேன்.
ஐந்து ரூபாய்க்கு இந்த ஊரில் இன்று எதுவும் வராது,
எடை மட்டும் அப்படியே இருக்கிறது.

லிப்ட் இறக்கையை ஏற்கவில்லை.
ஐந்து மாடி, ஒவ்வொரு திருப்பத்திலும் சரித்துச் சரித்து,
கட்டில் இறக்குகிறவர்களைப்போல் இறங்கினோம்.
திரீவீலரின் இரு பக்கமும் நீலம் நீட்டிக்கொண்டிருந்தது.
"மிஸ், இனி எனக்குப் பெற்றோல் வேண்டாம்" என்றான் நிலந்த.

தலங்கமவில் மண் நிரப்பிய ஒரு வயல்.
விற்பனைக்கு என்ற பலகை, அதன்மேல் கொக்கு.
தையல் மெசின் ஓடும் சத்தத்தோடு
அது புல்லில் நாலு துள்ளல் துள்ளி
ஐந்தாவதில் இறங்க மறந்தது.

நான் மேலே பார்த்தேன்.
வாகீசன் தெருவைப் பார்த்தான்.
ஒருகாலம் இந்த நகரத்து வானில் சத்தமென்றால்
விளக்கை அணைத்தோம்,
பேசும் மொழியையும் கொஞ்சம் அணைத்தோம்.
தெருவில் ஒரு நாய், ஐஸ்கிறீம் வண்டி,
அவ்வளவுதான். இருந்தும் பார்த்தான்.

போகும்போது இடம் இடம்தான்.
திரும்பி என்னை நோக்கி வருகையில்
இடம் வலமாகும்.
கைநூலில் வாசித்திருந்தேன், விரலுக்கு யார் சொன்னது?
சரிந்ததை நிமிர்த்தப் போய் இன்னும் சரித்தேன்.
பாக்குமர உயரம். பாக்குமரத்துக்கும் கீழே.
அப்போதுதான் தோன்றியது:
எனக்கெதிரே இருக்கும் எந்த வாயிலும்
அவர்களின் இடது கடைவாய் என் வலப்பக்கம்.
பத்தொன்பது வருடமாக இதைத்தானே செய்கிறேன்.
வாயைத் திற, என்றேன் விமானத்துக்கு,
சத்தமாகவே.
நிமிர்ந்தது.

ஏழு நிமிடம் பறந்தது.
இறங்கும்போது கோரைப்புல்லில் சில்லு மாட்டி
புரொப்பெலர் ஒடிந்தது, ஒரு விலா வெடித்தது.
நிலந்த தன் போனில் எல்லாம் எடுத்திருந்தான்,
திரும்பிப் பார்த்தால்
முழுக்க வானம், ஓரத்தில் அவன் கட்டைவிரல்.

திங்கட்கிழமை வரவு இயந்திரத்தில் விரல் வைத்தேன்.
காய்ந்த பசைக்குக் கீழே ரேகை இல்லை.
மறுபடி வை என்றது. வைத்தேன்.
இப்படி ஒருவர் இங்கு இல்லை என்றது.
புத்தகத்தில் கையெழுத்திடச் சொல்லிக்
காரணம் கேட்டார்கள்.
மரவேலை, என்றெழுதினேன்.